வதந்தி போகும் வழியிலேயே சுவரொட்டியும் போகட்டும்

‘சமூக ஊடகங்களைப் பொறுப்புடன் பயன்படுத்துவோம்’ என்று தலைப்புக் கொடுத்து தரம் 9, 10 மாணவர்களிடம் சுவரொட்டி கேட்டால் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். சங்கிலியில் கட்டுண்ட பையன், சங்கிலியின் மறுமுனையில் போன், மூலையில் ஒரு மண்டையோடு, மேலே சிவப்பில் ‘அடிமையாகாதே!’. மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் போனைப் பற்றிப் பேசும்போது அவர்கள் காதில் விழுவது அந்த ஒரு சொல்தான்.

இலங்கையின் மலையகத்தில் இந்தப் படம் இன்னொரு காரணத்தாலும் எடுபடாது. அம்மா குவைத்திலும் அப்பா கொழும்பிலும் வேலை பார்க்கும் வீட்டில் குடும்பம் கூடுகிற இடமே போன்தான். இரவு எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் அம்மா முகத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு, ‘போன் ஒரு கைவிலங்கு’ என்பது பொய் என்று நன்றாகவே தெரியும். கொரோனா காலத்தில் சிக்னலுக்காகப் பாறை ஏறிப் படித்த பிள்ளைகளின் தம்பி தங்கைகள் இவர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லும் சுவரொட்டிதான் இவர்களுக்கு உதவும்.

கிராபிக் டிசைன் வழியாக இதைக் கற்பிக்க நினைக்கும் ஐசிடி (தகவல் தொழில்நுட்ப), சித்திர ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். 40 நிமிடப் பாடவேளைகள் ஆறு போதும். குழுவுக்கு நான்கு பேர். ஐந்தாவது ஆள் வந்தால் அவர் பார்வையாளராகிவிடுவார். கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஏ4 தாளும் பென்சிலும் ஆசிரியரின் ஸ்மார்ட்போனும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

துண்டுச்சீட்டிலிருந்து ஒரு வசனத்துக்கு

முதல் பாடவேளையில் யாரும் வரையக் கூடாது. ஆளுக்கு இரண்டு துண்டுச்சீட்டு கொடுங்கள். ‘போனில் நடந்ததில் சரியில்லை என்று மனதுக்குப் பட்ட ஒன்று’ என்பதை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுதுபவர் பெயரும் வேண்டாம், யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவர் பெயரும் வேண்டாம். சீட்டுகளை அங்கேயே சத்தமாக வாசிக்காதீர்கள். முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் ‘பணிய லயத்துல கடைசி வீட்டு அக்கா’ (லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) என்று எழுதியிருந்தால் வகுப்பே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டு வாருங்கள்.

வருபவை பெரும்பாலும் இப்படி இருக்கும்: டியூஷன் வகுப்பில் தூங்கிய தோழியின் படம் குழுவில் போடப்பட்டது. அண்ணனின் போனுக்கு வந்த ஓடிபி இலக்கத்தை யாரோ கேட்டு வாங்கிவிட்டார்கள். இலவச டேட்டா தருவதாக ஒரு லிங்க். வெளிநாட்டு வேலை என்று முகநூல் விளம்பரம், முன்பணம் இருபதாயிரம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துத் தண்டவாளத்தில் நின்று டிக்டொக். மழை நாளில் ‘மலை இறங்குது’ என்று ஒரு வொயிஸ் (ஒலிச்செய்தி).

ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து ஒரு வசனம் எழுத வேண்டும். அந்த வசனத்தில் மூன்று இருக்க வேண்டும்: யார், எந்த நேரத்தில், என்ன செய்ய வேண்டும். ‘இளைஞர்கள் பொறுப்புடன் நடக்க வேண்டும்’ என்பதில் மூன்றும் இல்லை. ‘முகநூலில் வேலை விளம்பரம் பார்க்கும் அப்பா, பணம் கட்டும் முன், அந்த முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்’ என்பதில் மூன்றும் இருக்கின்றன. இந்த ஒரு வசனத்துக்கு முழுப் பாடவேளையையும் செலவழிக்கலாம், வீண் போகாது. வசனம் தெளிவாகாத குழு அடுத்த ஐந்து பாடவேளையும் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

வாசகர் யார் என்று முடிவானதும் வினைச்சொல்லின் விகுதியும் முடிவாகிவிடும். அப்பாவுக்கும் பாட்டிக்கும் எழுதினால் ‘பாருங்கள்’. தன் வயதுப் பிள்ளைக்கு எழுதினால் ‘பார்’. ‘பகிர்தலைத் தவிர்ப்போமாக’ யாருக்குமே போய்ச் சேராது. தரம் 6, 7 பிள்ளைகளோடு செய்கிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் கணக்குத் தொடங்கக் குறைந்த வயது 13. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு இருப்பதை இயல்பாக எடுத்துக்கொண்டு சுவரொட்டி செய்ய வேண்டாம். அந்த வயதுக்கு வீட்டாரின் போன்தான் களம்.

ஒரு சுவரொட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

மண்சரிவு வொயிஸை எடுத்த குழுவின் முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும். தலைப்பு: ‘மண்சரிவு வதந்திகளை நம்பாதீர்!’ கீழே சரிந்த மலையின் படம், இணையத்தில் எடுத்தது. பின்னணி முழுக்க அடர் சிவப்பு.

இதில் நான்கு பிழைகள் இருக்கின்றன, ஒன்று ஆபத்தானது. அதையே முதலில் சொல்கிறேன். பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்கள் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்ணுக்குள் போன நாட்டில், ‘மண்சரிவு’, ‘நம்பாதீர்’ என்ற இரண்டு சொல்லையும் ஒரே தலைப்பில் பெரிய எழுத்தில் போடக் கூடாது. தூரத்திலிருந்து பார்க்கிறவர் எடுத்துக்கொள்வது ‘எச்சரிக்கை வந்தாலும் பேசாமல் இரு’ என்பதைத்தான். வதந்தியைத் தடுக்கப்போய் உண்மையான எச்சரிக்கையை மழுங்கடித்துவிடக் கூடாது.

இரண்டாவது பிழை படம். எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாத சரிவுப் படம்தான் வதந்திக்காரரின் கருவி. சுவரொட்டியை யாராவது கத்தரித்து, படத்தை மட்டும் அனுப்பினால் அதுவே புதிய வதந்தி. செயற்கை நுண்ணறிவில் செய்த சரிவுப் படமும் இதே காரணத்தால் வேண்டாம். மூன்றாவது, சிவப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று நிறங்கள்: மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். மலையகச் சுவரில் அந்த மூன்று நிறங்களுக்கும் ஏற்கனவே அர்த்தம் இருக்கிறது, அலங்காரத்துக்கு அவற்றைத் தொட வேண்டாம். கடும் நீலமும் வெள்ளையும் நன்றாக நிற்கும். நான்காவது, என்ன செய்ய வேண்டும் என்று எங்குமே இல்லை.

திருத்திய வரைவு இப்படி வரலாம். நடுவில் ஒரு போன், அதன் திரையில் ஒலிச்செய்திக் குமிழி, அதன் தலையில் இரட்டை அம்புக்குறி. வட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைமாறி வந்திருந்தால் இந்த இரட்டை அம்பு விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்பவும் முடியும். எல்லார் போனிலும் இருக்கும் இந்தச் சின்னத்தை விட நல்ல படம் தேடினாலும் கிடைக்காது, யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. தலைப்பு: ‘எந்த ஊர்? எந்த நாள்?’ அடியில் இரண்டு வரி: ‘செய்தியில் ஊரும் திகதியும் இல்லையா? அனுப்பும் முன் 117க்கு எடுத்துக் கேளுங்கள்.’ 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். அதற்குக் கீழே தனிப் பெட்டிக்குள்: ‘சுவரில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று: கண்டால் விசாரித்து நிற்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள்.’ போனில் வந்ததற்கு ஒரு வழி, கண்ணால் கண்டதற்கு வேறு வழி. இந்தப் பெட்டியை வைக்க இடமில்லை என்று குழு சொன்னால் தலைப்பைச் சிறிதாக்கச் சொல்லுங்கள், பெட்டியை எடுக்க விடாதீர்கள்.

கடைசியாக ஓரத்தில் மூன்று: தயாரித்த திகதி, தகவல் எங்கிருந்து வந்தது, எந்தப் பாடசாலையின் எந்த வகுப்பு செய்தது. வதந்தி எந்தக் குழு வழியாக ஓடுகிறதோ அதே குழு வழியாகத்தான் நம் படமும் ஓடப்போகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இந்த மூன்று விபரங்கள்தான். மாணவரின் தனிப் பெயர் வேண்டாம், வகுப்பு போதும்.

இதே விதி வேறு வதந்திகளுக்கும் பொருந்தும். பொய்ச் செய்தியை அப்படியே படம்பிடித்துப் போட்டுப் பக்கத்தில் ‘இது பொய்’ என்று எழுதாதீர்கள். ஓரத்தை வெட்டினால் பொய் மட்டும் மிஞ்சும். காட்டியே ஆக வேண்டுமென்றால் எழுத்துகளின் மேலேயே குறுக்காகப் ‘பொய்’ என்று அடியுங்கள். உண்மையைத் தலைப்பில் வையுங்கள், பொய் சிறிய எழுத்தில் பின்னால் வரட்டும்.

தமிழ் எழுத்து செய்யும் சேட்டைகள்

வகுப்பில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே தொடக்கத்திலிருந்தே யூனிகோட், அதாவது எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் முறை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி மூன்றும் இலவசம். ஒரு பென்டிரைவில் போட்டு எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிடுங்கள். ஒரு சுவரொட்டிக்கு ஓர் எழுத்துரு, அதன் தடித்த வடிவம் ஒன்று, அவ்வளவுதான்.

இணையம் சரியாக வராத பாடசாலைக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருள் நல்லது, இலவசம், இணையமில்லாமல் ஓடும். இணையத்தில் வடிவமைக்கும் கன்வாவும் எளிதுதான், ஆனால் அதன் தயார் வடிவமைப்புகள் ஆங்கிலப் பெரிய எழுத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. ஒரு வரிக்குள் அடங்கிய ஆங்கிலத் தலைப்பை அழித்துவிட்டுத் தமிழைப் போட்டால் மூன்று வரியாகி வழியும். வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதே நல்லது. பழைய போட்டோஷொப்பில் ‘கொ’, ‘கே’ உடைந்து கொம்பு தனியாக நின்றால் அது எழுத்துருவின் பிழை இல்லை, எழுத்தைக் கோக்கும் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு போடப்படவில்லை.

எழுத்து இடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலத்தில் அழகு. தமிழில் கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு விலகிப் போகும், ஆகவே பூச்சியத்திலேயே விடுங்கள். வரி இடைவெளி 1.4 மடங்கு வையுங்கள். குறைத்தால் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு போட்டால் ண, ன, ற வின் சுழிகள் அடைபடும், புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி பொட்டாகிவிடும். இரண்டு ஓரமும் சமமாக்கும் தெரிவு வேண்டவே வேண்டாம். தமிழ்ச் சொல் நீளமானது, நடுவில் பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும்.

எழுத்தின் அளவை அளவுகோலால் பாருங்கள். மூன்று மீற்றர் தூரத்திலிருந்து ஓடுகிற பார்வையில் படிக்க, எழுத்தின் உடல் சுமார் 25 மில்லிமீற்றர் உயரம் இருந்தால் பயமில்லை. ஒரு பொயின்ட் 0.35 மில்லிமீற்றர். ஆனால் தமிழ் எழுத்தின் உடல் அதன் பொயின்ட் அளவில் ஏறக்குறையப் பாதிதான், ஆகவே தலைப்புக்கு 140 பொயின்ட் அளவு வேண்டும். ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீற்றர், இரு பக்கமும் 15 ஓரம் விட்டால் 267. இதற்குள் அந்த அளவில் ஆறேழு எழுத்துதான் ஒரு வரிக்கு. ‘பொறுப்புணர்வுடன்’ ஏறாது. தலைப்பைச் சுருக்கு என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, தாளே சொல்லிவிடும்.

வரைவது, காட்டிப் பார்ப்பது

இரண்டாம் பாடவேளையில் ஏ4 தாளை மூன்று தடவை மடித்தால் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு நிமிடம், எட்டு வெவ்வேறு அமைப்பு. முதல் மூன்று கட்டத்தில் சங்கிலியும் மண்டையோடும் வந்து போய்விடும், ஐந்தாவதுக்குப் பிறகுதான் சொந்த யோசனை வரும்.

படங்களைக் கையால் வரைந்து, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் படமெடுங்கள். மேலே மின்குமிழ் எரிந்தால் போனின் நிழல் விழும். புகைப்படம் வேண்டுமென்றால் முகம் வேண்டாம், கை மட்டும் போதும். வெள்ளைச் சீருடையில் கழுத்துப்பட்டியும் சின்னமும் தெரிந்தால் பாடசாலை தெரிந்துவிடும். ‘கேட்காமல் படம் போடாதே’ என்று சுவரொட்டி செய்யும் குழுவே இணையத்தில் கிடைத்த முன்பின் தெரியாத ஒரு சிறுமியின் படத்தை அதில் ஒட்டுவது சாதாரணமாக நடக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, ‘இந்தப் பிள்ளையிடம் கேட்டாயா?’ என்று மட்டும் கேளுங்கள். பாடம் முழுவதிலும் ஆழமாக இறங்குவது அந்தக் கேள்விதான்.

அச்சுக்கு முன் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பணமில்லாமல் கடைசியில் போட்டோகொப்பிதான் எடுக்கப்போகிறீர்கள், சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகும். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 4.5:1க்குக் குறையக் கூடாது, இணையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்க்ஜெட் அச்சு நம் ஊர்ப் பனிக்கும் சாரலுக்கும் இரண்டு நாளில் கசியும். லேசர் அச்சோ போட்டோகொப்பியோ தாங்கும், லெமினேட் செய்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்புச் சுவரில் செலோடேப் நிற்காது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் கோயில் மண்டபத்திலும் ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

போனுக்குப் போகும் பிரதி தனி. ஏ3யை அப்படியே சுருக்கி அனுப்பினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். 1080க்கு 1350 பிக்சலில் புதிதாக அமையுங்கள். 1080 பிக்சல் ஒரு சாதாரணத் திரையில் சுமார் 65 மில்லிமீற்றர், ஆகவே 48 பிக்சலுக்குக் குறைந்த எழுத்து பாட்டிக்குத் தெரியாது. தலைப்பு 110க்கு மேல் இருக்கட்டும். உரையாடலில் நீளப்படத்தின் மேலும் கீழும் மறைந்து தெரியலாம், முக்கியமானதை நடுச் சதுரத்துக்குள் வையுங்கள். வட்ஸ்அப் படத்தை நெருக்கும்போது மெல்லிய வெள்ளை எழுத்து முதலில் கலங்கும், தடித்த எழுத்து தப்பும். வாசிக்கச் சிரமப்படுவோருக்காக அதே செய்தியை 20 வினாடி வொயிஸாகவும் ஒரு மாணவர் பேசலாம், அதிலும் திகதியைச் சொல்லியே தொடங்க வேண்டும்.

சிங்களப் பிரதி தேவையா என்று கேட்பார்கள். தேவை, வதந்தி ஒரு மொழிக்குள் நிற்காது. 2018 மார்ச்சில் கண்டி திகனையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது வெறுப்புப் பதிவுகள் ஓடிய வேகத்தையும், அரசு சமூக ஊடகங்களை முடக்கியதையும், 2020இல் பேஸ்புக் தன் தளம் அதில் வகித்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டதையும் உயர்தர (ஏ/எல்) வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் ஒரே தாளில் இரண்டு மொழியை நெருக்க வேண்டாம், தனித்தனியாகச் செய்யுங்கள். மொழிபெயர்ப்பை மென்பொருளிடம் விடாமல் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள்.

ஐந்தாம் பாடவேளை சோதனை. சுவரொட்டியை ஐந்து வினாடி காட்டி மறைத்துவிட்டு, ‘இது உங்களை என்ன செய்யச் சொல்கிறது?’ என்று கேளுங்கள். வகுப்புக்கு வெளியே மூன்று பேர்: ஒரு தாத்தா, ஒரு தரம் 6 பிள்ளை, பாடசாலைக் காவலாளி. இரண்டு பேர் சரியாகச் சொன்னால் போதும். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் தோல்வி, திருத்த வேண்டும். 20 புள்ளிக்கு இப்படிப் போடலாம்: செயல் தெளிவுக்கு 6, வாசிக்க முடிவதற்கு 5, திகதிக்கும் மூலத்துக்கும் 5, அனுமதிக்கு 4. அழகுக்குத் தனிப் புள்ளி வேண்டாம், வரையத் தெரியாத பிள்ளை ஒதுங்கிவிடும்.

இந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வரக்கூடும். போலிக் கணக்கில் தன் படம், மிரட்டல், பணம் கேட்பது என்று ஏதாவது இருக்கும். ‘ஏன் படம் அனுப்பினாய்?’ என்று தொடங்காதீர்கள். செய்திகளை அழிக்க வேண்டாம், பதில் எழுத வேண்டாம், கணக்கின் பெயரும் திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து அந்தப் போனிலேயே வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் அதில் இருந்தால் நீங்கள் உங்கள் போனுக்கு வாங்கவே கூடாது. ஆசிரியர் குழுவில் ஆலோசனை கேட்டு அதைப் போடுவது இரண்டாவது காயம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிள்ளை நம்பும் ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அந்த இலக்கம் எல்லாச் சுவரொட்டியின் அடியிலும், எந்தத் தலைப்பாக இருந்தாலும், இருக்கட்டும்.

ஒட்டிய சுவரொட்டியை எடுக்கும் பொறுப்பையும் ஒரு குழுவுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் இலக்கங்களைத் தாங்களே அழைத்துச் சரிபார்த்து, திகதியை மாற்றி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டட்டும்.